சின்னத் தொட்டியில் சக்குலன்ட்: அடியில் கல் போடுவது சரியா?

மார்ச் 3

தொட்டியின் அடியில் ஒரு விரற்கடை உயரத்துக்குக் கூழாங்கல் பரப்பி, அதன்மேல் மண்கலவை போட்டால் தண்ணீர் நன்றாக வடியும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நானும் நாலு வருடமாக அப்படித்தான் நட்டு வந்தேன். இந்த வாரத்தோடு மூன்று ஹாவோர்த்தியா (தடித்த இலைகளில் நீரைச் சேமித்துக்கொள்கிற சின்னச் சக்குலன்ட் செடி) போய்விட்டன. மூன்றும் கல் போட்ட தொட்டி. அதே கலவையில், அதே ஜன்னலோரத்தில், கல் போடாமல் நட்ட இரண்டும் நன்றாக இருக்கின்றன.

கலவை: கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்), ஆற்று மணல், பெர்லைட் (எடை குறைந்த வெள்ளைத் துகள்), மூன்றும் சம பங்கு. வாரம் ஒரு முறை தண்ணீர். மூன்றாவது செடியை இன்று காலை லேசாகத் தொட்டேன், இலைக்கொத்து மட்டும் கையோடு வந்துவிட்டது. கீழே தூர் பழுப்பாகச் சொதசொதவென்று இருந்தது, வேர் என்று எதுவும் மிஞ்சவில்லை. மேலே மண் காய்ந்து தூளாக இருக்கிறது, விரலால் நோண்டிப் பார்த்தால் அடியில் ஈரம் பிசுபிசுக்கிறது. அந்தச் செடிக்குப் பக்கத்தில் முளைத்திருந்த ஒரு குட்டியை மட்டும் பிரித்துக் காயவைத்திருக்கிறேன்.

என் கேள்வி இதுதான்: கல் அடுக்கு உதவுகிறதா, கெடுக்கிறதா? கெடுக்கிறது என்றுதான் நினைக்கிறேன்.

மார்ச் 4

நேற்று ஒன்றை விட்டுவிட்டேன். பிழைத்த இரண்டும் மண்தொட்டி, போன மூன்றும் பிளாஸ்டிக். சுட்ட மண்தொட்டியின் சுவர் ஈரத்தை உறிஞ்சி வெளிப்பக்கமாக ஆவியாக விட்டுவிடும். பிளாஸ்டிக்கில் மேல்பரப்பையும் அடி ஓட்டையையும் தவிர வேறு வழி கிடையாது. அதனால் கல்தான் காரணம் என்று சொல்ல இப்போதைக்கு என்னிடம் ஆதாரம் இல்லை. செடியே இல்லாமல் கலவையை மட்டும் வைத்துப் பார்க்கப் போகிறேன்.

மார்ச் 10

பார்த்தாகிவிட்டது.

உள்ளே தெரிகிற மாதிரி இரண்டு பிளாஸ்டிக் டம்ளர்கள், 9 செ.மீ. உயரம், அடியில் சூடான ஊசியால் ஐந்தைந்து ஓட்டைகள். ஒன்றில் கலவை மட்டும் 8 செ.மீ. மற்றதில் 2 செ.மீ. கல், அதன்மேல் 6 செ.மீ. கலவை. இரண்டிலும் அடியில் தாராளமாக ஒழுகும் வரை தண்ணீர் ஊற்றி, சொட்டுவது நின்ற பிறகு இன்னும் அரை மணி நேரம் விட்டேன்.

கல் இல்லாத டம்ளரில் அடியிலிருந்து சுமார் 3 செ.மீ. வரை கலவை கறுத்து, பளபளவென்று, முழுக்க ஊறியிருந்தது. அதற்கு மேலே நிறம் வெளிறி, ஈரம் இருந்தாலும் காற்று புகுந்த மாதிரி தெரிந்தது. கல் போட்ட டம்ளரில் கல்லுக்கு நடுவே இடைவெளி எல்லாம் காலி, கல் லேசாக நனைந்திருந்தது, அவ்வளவுதான். கல் முடிகிற இடத்துக்கு மேலே மறுபடியும் அதே 3 செ.மீ. கறுப்புப் பட்டை. அடியில் இருக்க வேண்டிய ஈரப்பட்டை அப்படியே மேலே ஏறி உட்கார்ந்திருக்கிறது, குறையவே இல்லை.

காரணம் சிக்கலானது இல்லை. கலவையின் நுண்ணிய இடுக்குகள் தண்ணீரைத் தந்துகி விசையால் பிடித்துக்கொள்கின்றன. கல்லுக்கு நடுவே உள்ள பெரிய சந்துகளுக்கு அந்த இழுவை கிடையாது, அவை மேலிருக்கும் தண்ணீரைக் கீழே இழுக்காது. மேலே தண்ணீர் சேர்ந்து, அதன் பாரம் அந்தப் பிடிப்பை மிஞ்சினால்தான் கல்லுக்குள் சொட்டு இறங்கும். பாரம் குறைந்ததும் நின்றுவிடும். மிச்சம் அங்கேயே தங்கும்.

வீட்டில் ஸ்பாஞ்சு இருந்தால் நீங்களே பார்க்கலாம். முழுக்க நனைத்து, படுக்கை வாட்டில் பிடித்து, சொட்டுவது நிற்கும் வரை காத்திருங்கள். பிறகு அதைச் செங்குத்தாகத் திருப்புங்கள். மறுபடி சொட்டும். ஸ்பாஞ்சும் அதேதான், தண்ணீரும் அதேதான், உயரம் மட்டும்தான் மாறியது. குட்டையான தொட்டி என்பது படுத்த ஸ்பாஞ்சு.

மார்ச் 11

"மொத்தத்தில் கல் போட்ட தொட்டியில் தண்ணீர் குறைவாகத்தானே இருக்கும், கலவையே குறைவாயிற்றே?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. தராசில் வைத்துப் பார்த்தேன், உண்மைதான், கல் போட்டதில் கொஞ்சம் குறைவாகத்தான் தண்ணீர் நிற்கிறது. ஆனால் வேருக்கு அது எப்படிப்பட்ட இடம் என்று பாருங்கள். 8 செ.மீ. கலவையில் 3 செ.மீ. ஊறியிருந்தால் மேலே 5 செ.மீ. காற்றோட்டமான இடம் இருக்கிறது. 6 செ.மீ.யில் 3 ஊறியிருந்தால் பாதி போய்விட்டது. அதனால் நேற்று சொன்னதை இப்படித் திருத்திக்கொள்கிறேன்: அடியில் கல் போடுவது, உயரம் குறைந்த தொட்டியில் நடுவதற்குச் சமம். அதற்கு மேல் நன்மையும் இல்லை, தீமையும் இல்லை.

ஓட்டையை மூடக் கல்லுக்குப் பதில் ஒரு துண்டு வலை போதும். மண் கொட்டாமல் இருக்க மட்டும்தான் அது.

மார்ச் 11, இரவு

இன்னொன்று. அதே டம்ளரைச் சாய்த்துப் பிடித்தேன், மறுபடி ஐந்தாறு சொட்டு வந்தது. ஓட்டை வழியே ஒரு நூல் திரியைக் கலவைக்குள் ஒரு விரல் ஆழம் செருகி, மறுமுனையைக் கீழே தொங்கவிட்டால் இன்னும் கொஞ்சம் வடிகிறது, திரி தண்ணீருக்கு உயரத்தைக் கூட்டித் தருகிறது. மழைக்காலத்தில் பழைய கலவையை மாற்ற நேரமில்லாதவர்கள் இதைச் செய்து பார்க்கலாம், செடியைப் பிடுங்கத் தேவையில்லை.

மார்ச் 23

கல்லை விட்டுவிடுவோம். ஈரப்பட்டையின் உயரம் எதைப் பொறுத்தது என்பதுதான் விஷயம். தொட்டியின் உயரத்தைப் பொறுத்தது இல்லை, ஓட்டைகளின் எண்ணிக்கையைப் பொறுத்ததும் இல்லை. துகளின் பருமனைப் பொறுத்தது. துகள் பொடியாக இருந்தால் பட்டை உயரும், பருமனாக இருந்தால் தாழும். பத்து செ.மீ. தொட்டியில் தாங்கிக்கொள்கிற ஒரு கலவை ஆறு செ.மீ. தொட்டியில் செடியைக் கொல்வது இதனால்தான்.

அதனால் இரண்டு வாரமாக எனக்குச் சல்லடை வேலைதான். இரண்டு சல்லடைகள், ஒன்று 6 மி.மீ. கண், மற்றது 2 மி.மீ. கண். கலவைப் பொருள்களை முதலில் பெரியதில் சலித்து, மேலே தங்குவதைப் பெரிய தொட்டிகளுக்கு ஒதுக்கிவிடுகிறேன். கீழே விழுவதை 2 மி.மீ.யில் சலிக்கிறேன், மேலே தங்குவதுதான் எனக்கு வேண்டியது, மிளகு பருமனுக்கு முன்னும் பின்னுமாக இருக்கும். கீழே விழும் தூளை மற்றச் செடிகளுக்குப் போட்டுவிடலாம்.

"கற்றாழை, சக்குலன்ட் கலவை" என்று அச்சடித்து வந்த ஒரு பையைப் பிரித்து இப்படிச் சலித்தேன். ஒரு லிட்டர் அளந்து போட்டதில் மூன்றில் இரண்டு பங்கு 2 மி.மீ. கண்ணுக்குள் இறங்கிவிட்டது. மேலே நின்றதில் பாதி மரத்துண்டு. அந்தத் தூளை உள்ளங்கையில் எடுத்துத் தண்ணீர் விட்டுப் பிசைந்தால் களிமண் உருண்டை மாதிரி பிடிபடுகிறது. இதில் நட்டுவிட்டு, தண்ணீர் அதிகமாக ஊற்றிவிட்டோமோ என்று நம்மையே நொந்துகொள்கிறோம். நிறைய பேருக்கு நடப்பது இதுதான் என்று உறுதியாக நம்புகிறேன்.

பெர்லைட்டைச் சலிக்கும்போது முதலில் தண்ணீர் தெளித்துக்கொள்ளுங்கள். தூசி மூக்கில் ஏறினால் எரியும்.

ஏப்ரல் 6

மணல். நான் செய்த பெரிய தவறு இதுதான், கல் இல்லை.

ஒரு குவளை கூழாங்கல்லும் ஒரு குவளை மணலும் எடுத்துக் கலந்து பாருங்கள். இரண்டு குவளை வராது. மணல் கல்லின் இடைவெளிக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். காற்றுக்காக விட்ட இடம் அது. பெர்லைட் வாங்கிப் போட்டு, அது உண்டாக்குகிற சந்துகளையெல்லாம் பொடி மணலால் நானே அடைத்திருக்கிறேன், நாலு வருடமாக. மணல் தண்ணீரை நிறுத்தாது என்று நாம் நினைப்பது ஆற்றங்கரையில் மணல் பல அடி ஆழத்துக்குக் கிடப்பதைப் பார்த்து. அங்கே வடிய உயரம் இருக்கிறது. ஆறு செ.மீ. தொட்டியில் அந்த உயரம் ஏது?

மணல் போட்டே ஆக வேண்டும் என்றால் 2 மி.மீ. சல்லடையில் நின்ற பருமணல் மட்டும். கழுவி. கடற்கரை மணல் வேண்டாம், உப்பு.

ஏப்ரல் 7

வெர்மிகுலைட்டும் பெர்லைட்டும் ஒன்றா என்று கேட்டவருக்கு: இல்லை. பெர்லைட் எரிமலைக் கண்ணாடி. சுமார் 900 டிகிரி செல்சியஸ் சூட்டில் அதற்குள் இருக்கும் நீர் ஆவியாகி, துகள் பொரிந்து உப்பி வெண்மையாகிறது. வெர்மிகுலைட் ஏடு ஏடாகப் பிரியும் கனிமம், தண்ணீரை ஏடுகளுக்குள் பிடித்து வைத்துக்கொள்ளும், அழுத்தினால் நசுங்கிவிடும். விதை முளைக்க வைக்க நல்லது. ஹாவோர்த்தியாவுக்கு நான் போடமாட்டேன்.

ப்யூமிஸ் கிடைத்தால் பெர்லைட்டை விட அதுதான் எனக்குப் பிடிக்கும். அதுவும் எரிமலைக் கல்தான், ஆனால் கொஞ்சம் எடை இருப்பதால் தண்ணீர் ஊற்றும்போது பெர்லைட் மாதிரி மேலே மிதந்து வந்து நிற்காது. இரண்டும் கிடைக்காதவர்கள் செங்கல்லை உடைத்துச் சலித்துக்கொள்ளலாம். நன்றாக வெந்த செங்கல்லாக இருக்க வேண்டும், இல்லையென்றால் ஒரே மழையில் கரைந்து சேறாகும்.

ஏப்ரல் 19

புதிதாக வந்த எச்செவேரியா ஒன்றின் கதை.

வந்து மூன்று வாரம், கீழ் இலைகள் வரிசையாகச் சுருங்கிக் காகிதம் மாதிரி ஆகிக்கொண்டே வந்தன. சலித்த கலவையில் மாற்றி நட்டிருந்தேன், தண்ணீர் விட்டும் இலை தேறவில்லை. பிடுங்கிப் பார்த்தேன். என் கலவை ஈரமாக இருக்கிறது. நடுவில், செடி வந்தபோது இருந்த பீட் (சதுப்பு நிலத்தில் மக்கிய பாசி) கட்டி, கட்டைவிரல் பருமனில், கல் மாதிரி காய்ந்து கிடக்கிறது. அதைச் சுற்றி மெல்லிய வலை. வேர் மொத்தமும் அந்த வலைக்குள்ளே.

பீட் ஒரு முறை முழுக்கக் காய்ந்துவிட்டால் தண்ணீரை ஏற்காது. மேலே விட்ட தண்ணீர் பக்கவாட்டில் வழுக்கி ஓடிவிடும். செடி ஈரத்துக்கு நடுவில் தாகத்தில் கிடந்திருக்கிறது. நானோ அழுகலுக்குப் பயந்து தண்ணீரை இன்னும் குறைத்துக்கொண்டு வந்திருக்கிறேன். நினைத்தால் இப்போதும் மனசு கஷ்டமாக இருக்கிறது.

கட்டியை ஒரு கிண்ணத் தண்ணீரில் இருபது நிமிடம் ஊறவிட்டேன். முதலில் மிதந்தது, பிறகு நுரை விட்டு மெதுவாக அமிழ்ந்தது. வலையைக் கத்தரிக்கோலால் நீளவாட்டில் வெட்டி, மெல்லிய குச்சியால் பீட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்த்தேன். வேர் மயிரிழையாக நிறைய வந்தது, அறுந்ததும் உண்டு. நிழலில் மூன்று நாள் காயவைத்து, உலர்ந்த கலவையிலேயே நட்டு, இன்னும் நான்கு நாள் தண்ணீர் விடவில்லை. அறுந்த வேர் ஆறுவதற்குள் ஈரம் பட்டால் அந்தக் காயம் வழியாகத்தான் அழுகல் நுழையும்.

கோகோபீட் காய்ந்த பிறகும் பீட்டை விட எளிதில் நனையும், அந்த வகையில் தேவலாம். ஆனால் அதில் உப்பு இருக்கலாம். இரண்டு மூன்று முறை தண்ணீர் மாற்றி அலசிப் பிழிந்துவிட்டுத்தான் சேர்க்கிறேன்.

மே 12

சலித்த கல்தான் எல்லாவற்றுக்கும் மருந்து என்று மார்ச்சில் எழுதியது எனக்கே இப்போது சரியாகப் படவில்லை.

ஏப்ரல் கடைசியில் வேகவேகமாகப் பதினெட்டுத் தொட்டிகளை மாற்றினேன், எல்லாம் ப்யூமிஸும் செங்கல் சில்லும் மட்டும், கரிமப் பொருள் துளிகூட இல்லாமல். வெயில் ஏறியது. இரண்டு நாளில் தொட்டி எலும்பாகக் காய்ந்துவிடுகிறது. ஹாவோர்த்தியாவும் கிராசுலாவும் தாங்கிக்கொண்டன. இலையிலிருந்து முளைக்கவைத்த கிராப்டோபெட்டலம் குட்டிகள் பத்தில் ஏழு போய்விட்டன. அழுகல் கிடையாது, வெறும் வறட்சி. அவற்றின் வேர் நூலை விட மெல்லியது, 5 மி.மீ. கல்லுக்கு நடுவே அந்த வேர் எதைத்தான் தொட்டுக்கொண்டிருக்கும்?

இப்போது செய்வது: குட்டிகளுக்கு 1 முதல் 3 மி.மீ. துகளோடு மூன்றில் ஒரு பங்கு அலசிய கோகோபீட். விரல் நீளத்துக்கு மேல் வளர்ந்த செடிக்கு 2 முதல் 6 மி.மீ. துகள் நாலு பங்கு, கோகோபீட்டோ மண்புழு உரமோ ஒரு பங்கு. மண்புழு உரத்தையும் சலித்துப் பொடியை நீக்கிவிட்டுத்தான். இது என் ஜன்னலுக்கும் என் கைக்கும் ஒத்துவந்த கணக்கு. நீங்கள் வாரம் இருமுறை தண்ணீர் விடுகிற ஆள் என்றால் கல்லைக் கூட்டுங்கள். பத்து நாள் ஊருக்குப் போய்விடுகிற ஆள் என்றால் குறையுங்கள். ஒரே செடிக்கு இரண்டு பேர் இரண்டு கலவை சொல்வது இதனால்தான், இருவருமே சரியாகத்தான் சொல்லியிருப்பார்கள்.

மே 14

லித்தாப்ஸுக்கு என்ன மண் என்று கேட்டவருக்கு: கிட்டத்தட்ட முழுக்கக் கல், ஆழமான தொட்டி. அந்தச் செடி வாழும் இடமே கல்தரை. 1811இல் வில்லியம் பர்ச்செல் என்ற ஆங்கிலேயர் தென்னாப்பிரிக்காவில் சரளைத் தரையில் விசித்திரமான கூழாங்கல் ஒன்று கிடக்கிறதே என்று குனிந்து எடுத்தார். எடுத்த பிறகுதான் அது செடி என்று தெரிந்திருக்கிறது. எனக்கு இந்தச் சம்பவம் ரொம்பப் பிடிக்கும், ஒவ்வொரு முறை மேலே சரளை பரப்பும்போதும் நினைவுக்கு வரும்.

புது இலைச்சோடி நடுவில் பிளந்து வரும்போது மட்டும் தண்ணீர் விடாதீர்கள். பழைய இலையில் உள்ள நீரைத்தான் புதியது குடிக்க வேண்டும், பழையது காகிதமாக உலரும் வரை பொறுங்கள். மண் எவ்வளவு நன்றாக இருந்தாலும் இதில் தவறினால் காப்பாற்றாது.

ஜூன் 2

பெர்லைட் என்று நினைத்தது பெர்லைட் இல்லை.

கிராசுலா ஒன்று ஒரு மாதமாக வளராமல் நின்றது. தொட்டியைக் கவிழ்த்தேன், வேரோடு ஒட்டி வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள். கலவையில் பெர்லைட் இருந்ததால் முதலில் கண்டுகொள்ளவில்லை. ஒன்றை நகத்தால் நசுக்கினேன். பெர்லைட் என்றால் நறநறவென்று பொடியாகும். இது மாவு மாதிரி இழுகி, கொஞ்சம் ஈரம் விட்டது. வேர் மாவுப்பூச்சி. தொட்டியின் உட்சுவரிலும் பஞ்சு தேய்த்த மாதிரி நீலம் கலந்த வெண்மை.

வேரைக் குழாயடியில் முழுக்கக் கழுவி, பூச்சி ஒட்டிய மெல்லிய வேரை வெட்டிவிட்டு, ஒரு வாரம் காயவைத்துப் புதுக் கலவையில் நட்டிருக்கிறேன். பழைய கலவையைத் தூக்கி எறிந்துவிட்டேன், கழுவிப் பயன்படுத்த மனம் வரவில்லை. பக்கத்தில் இருந்த தொட்டிகளை எல்லாம் கவிழ்த்துப் பார்த்தேன், இன்னொன்றில் இருந்தது.

ஜூன் 3

இதனால்தான் புதுச்செடியை அது வந்த மண்ணோடு அப்படியே வைக்காதீர்கள் என்கிறேன். ஒரு முறையாவது வேரைக் கண்ணால் பார்த்துவிடுங்கள்.

ஹாவோர்த்தியாவில் மட்டும் ஓர் எச்சரிக்கை: அது பழைய தடித்த வேர்களைத் தானே உதிர்த்துக்கொள்ளும். உள்ளே காலியாக, உலர்ந்த தோல் மட்டும் இருந்தால் அது இயல்பு, உருவி எடுத்துவிடலாம். பழுப்பாக, கொழகொழவென்று இருந்தால்தான் அழுகல். மார்ச்சில் முதல் செடியில் நான் பார்த்தது எது என்று இப்போது கேட்டால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. மற்ற இரண்டும் அழுகல்தான்.

ஜூன் 28

மண்தொட்டியா பிளாஸ்டிக்கா என்று இன்னும் கேட்கிறார்கள். ஐந்து செ.மீ.க்குக் கீழே உள்ள குட்டித் தொட்டி என்றால் எனக்குப் பிளாஸ்டிக், மண்தொட்டி அந்த அளவில் மிக வேகமாகக் காய்கிறது, வேர் சுவரில் ஒட்டிக்கொண்டு மாற்றும்போது பிய்கிறது. பத்துக்கு மேல் மண்தொட்டி. நடுவில் எதுவானாலும் சரி. மண்தொட்டியின் வெளியே வெள்ளையாகப் பூக்கிறதே, அது தண்ணீரிலும் உரத்திலும் உள்ள உப்பு, பூஞ்சை என்று பயந்து தொட்டியை எறிந்துவிடாதீர்கள். ஓட்டையில்லாத கண்ணாடிக் குடுவை மட்டும் வேண்டவே வேண்டாம். அதில் அடியில் கல் போட்டாலும் கரி போட்டாலும் தண்ணீர் வெளியே போக வழியே இல்லை.

மேலே சரளை பரப்புவது பற்றி: கீழ் இலை ஈர மண்ணில் படியாமல் இருக்க உதவுகிறது. ஆனால் மண் காய்ந்ததா என்று கண்ணால் பார்க்க முடியாது. அதனால்தான் தராசுக்கு வந்தேன். தண்ணீர் விட்டு வடிந்த பிறகு ஒரு எடை, எலும்பாகக் காய்ந்த பிறகு ஒரு எடை, இரண்டையும் தொட்டியின் பக்கவாட்டில் பென்சிலால் எழுதிவிடுகிறேன். 1 கிராம் குறைந்தால் 1 மி.லி. தண்ணீர் போயிருக்கிறது, வேறு கணக்கு எதுவும் வேண்டாம். இரண்டு மாதம் செய்தால் கையே பழகிவிடும், தூக்கிய உடனே தெரியும்.

எடை பார்க்க ஆரம்பித்த பிறகு தெரிந்த ஒன்று. இரவும் புழுக்கமாக இருந்த வாரங்களில் ஹாவோர்த்தியா தொட்டிகள், பக்கத்தில் உள்ள மற்றத் தொட்டிகளை விட மெதுவாகக் காய்ந்தன. இந்தச் செடிகள் பெரும்பாலும் இரவில்தான் இலைத்துளைகளைத் திறந்து கரியமில வாயுவை எடுத்துக்கொள்பவை, இரவு சூடாகவே இருந்தால் பலவும் வளர்ச்சியை நிறுத்தி அடங்கிவிடும், வேர் தண்ணீர் குடிப்பதும் குறைந்துவிடும். வெயில் அடிக்கிறதே, தாகமாக இருக்குமே என்று கூடுதலாக விட்டோம் என்றால் அது அப்படியே அடியில் நிற்கும். மார்ச்சில் எனக்கு நடந்ததில் இதற்கும் பங்கு இருக்க வேண்டும். அந்த இரண்டு வாரம் இரவில் நல்ல வெக்கை, நானும் இரண்டு முறை கூடுதலாகவே தண்ணீர் விட்டேன்.

ஜூலை 20

மார்ச்சில் பிரித்து வைத்த குட்டியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஐந்து நாள் காயவைத்து, வெறும் ப்யூமிஸ் மேல் உட்காரவைத்து, வாரம் ஒரு முறை சுற்றிலும் லேசாகத் தெளித்து வந்தேன். நாலாவது வாரம் தூரில் ஒரு வெள்ளை முனை தெரிந்தது. இன்று மாற்றி நட எடுத்தேன், ஐந்து வேர்கள், ஒவ்வொன்றும் தீக்குச்சி பருமன், நுனி இன்னும் வெள்ளையாகவே இருக்கிறது. நாலுக்கு ஒன்று கலவை, 7 செ.மீ. பிளாஸ்டிக் தொட்டி, அடியில் கல் இல்லை, வலைத்துண்டு மட்டும். காய்ந்த எடை 131 கிராம். முதல் தண்ணீர் 25ஆம் தேதி விடுவேன், வடிந்த பிறகு எவ்வளவு காட்டுகிறது என்று எழுதுகிறேன்.